நாலுக்கு ஐந்து

நூறு பேருக்குப் பத்துக் கிலோ பொன்னி.
இருநூற்று நாற்பது பேருக்கு?
கீழமாசி வீதியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று
மளிகைச் சீட்டின் முதுகில்
குறுக்கே பெருக்குகிறேன்.
இருபத்து நாலு.
பருப்பு ஏழு கிலோ இருநூறு.
தேங்காய் பத்தொன்பது புள்ளி இரண்டு.
அந்தப் புள்ளி இரண்டை
எவன் உடைத்துத் தருவான்?
இருபதாப் போட்டுர்றேன்க்கா என்கிறான் கடைப்பையன்.

எட்டாம் வகுப்பில் இதற்கு நேர்மாறல் என்று பேர்.
ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும்.
அரிசி சொன்னபடி கேட்கும், பருப்பும் கேட்கும்.
உப்பு கேட்காது.
மிளகாய்த்தூள் கணக்குப்படி
ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு;
ஒரு கிலோ நூறைத் தாண்டினால்
காது குத்தின பிள்ளையைவிடப்
பந்தி அதிகம் அழும்.
விறகு இன்னும் மோசம்,
பெரிய அண்டாவுக்கு ஒரு நியாயம்
சின்ன அண்டாவுக்கு ஒரு நியாயம்.

செக்கானூரணி மண்டபம்.
முதல் பந்திக்கு இலை விரிக்கையில்
கருமாத்தூரிலிருந்து இரண்டு வேன் வந்து நின்றது,
சொல்லாத அறுபது பேரோடு.
அந்த நிமிஷமே நேர்மாறல்
எதிர்மாறலாகப் புரண்டது.
சோறு அதேதான். இலை கூடிவிட்டது.
இலைக்கு நூறு கிராம் அரிசி
எண்பதாகச் சுருங்கியாக வேண்டும்.
ஒச்சம்மா, நாலுக்கு அஞ்சு என்றேன்.
அவள் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.
கரண்டியைத் தலைதட்டிப் போட ஆரம்பித்தாள்,
முகம் மட்டும் தாராளமாக.
சாம்பாரில் கால் பங்கு வெந்நீர் ஊற்றினேன்.
உப்பை நாக்கிடம் விட்டேன்.
கடைசிப் பந்தி எழுந்தபோது
அண்டாவின் அடியில் ஒரு கைப்பிடி.

கூலி ஆறாயிரத்து அறுநூறு. ஆறு பேர்.
விடிகாலை நாலு முதல் மாலை நாலு வரை.
விருமாயி மட்டும் பத்து மணிக்கு ஓடினாள்,
வீட்டிலிருந்து போன், பையனுக்கு வலிப்பு.
கூட்டினால் அறுபத்தாறு மணி நேரம்.
மணிக்கு நூறு.
எங்களுக்கு ஆயிரத்து இருநூறு, அவளுக்கு அறுநூறு.
மீதியே இல்லாமல் வகுபட்டது.
இத்தனை சுத்தமாக ஒரு கணக்கு
எனக்கு வந்ததே கிடையாது.

பதினெட்டுக் கிலோ வெங்காயம்
அவ ஒருத்தி உரிச்சது
என்றாள் ஒச்சம்மா, அண்டாவைக் கவிழ்த்தபடி.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

சீட்டைத் திருப்பி
ஆறாயிரத்து அறுநூறை ஆறால் வகுத்தேன்.
எங்களுக்கு ஆளுக்கு நூறு குறைந்தது.
சித்திரைவேல் சரி என்றான்.
தவமணி கைகழுவப் போனாள்.
ரகமத்நிஷா நோட்டுகளை
இரண்டு தடவை எண்ணினாள்.
அந்த நூறு அவளுக்கு வேண்டியிருந்தது.

சீட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டேன்.
எண் எதுவும் எழுத வரவில்லை.
நாளை சிம்மக்கல்லில் நூற்றைம்பது பேர்.