மைனாவுக்கு

மைனின்னுதான் சொன்னேன்.
மைனான்னு எழுதிட்டு போனு.
அழிக்க எனக்கு விரல் மிச்சமில்ல,
ஒரு கையில இலை, ஒரு கையில தூளு.
கெடக்கட்டும்னு அனுப்பிட்டேன்.
தாராவியில மூணாம் மாடியில இருந்து
"கூண்டுக்குள்ள நல்லாத்தான் இருக்கேன்"னு
பதில் போட்டிய பாருங்க,
சிரிச்ச சிரிப்புல
சொளவுல கெடந்த தூளெல்லாம் பறந்து போச்சு.
அதுலருந்து நீங்க மைனாதான்.

எங்க வீட்டு அவியன்னா
அதுக்கு அவியல்.
"அவியல் நேத்து ராத்திரி வரல.
அவியலுக்குச் சோறு எடுத்து வச்சிட்டுத் தூங்கிட்டேன்."
முக்கூடலுக்கு எப்ப வாரியன்னு கேட்டா
"எப்ப வாரியல்"னு
வெளக்குமாத்தக் கொண்டாந்து நீட்டுது.

எட்டாங் கிளாசுல நான் எழுதுன லீவு லெட்டருல
என் நீல மைய விட
சார்வாள் செவப்பு மைதான் அதிகம்.
பேசுத மாதிரி எழுதப்படாதுன்னாவ.
அன்னைக்கு மூடுன பேனா.
பொறவு இருபத்திரெண்டு வருசமா
கையெழுத்து மட்டுந்தான்.
பாஸ் புஸ்தகத்துல ஒண்ணு,
ரேசன் கடையில ஒண்ணு,
குழுக்கடன் பேப்பருல ஏழெட்டு.
இப்பம் வாயத் தெறந்தா எழுத்தா விழுது.
தப்பு என்னோடது இல்ல, போனோடது.
அதுலயே பாதி பயம் போச்சு.

நீங்க அனுப்புததையும்
அதுதான் வாசிச்சுச் சொல்லுது,
எந்த ஊருக்காரின்னே தெரியாத ஒரு பொம்பள.
சளி புடிக்காத தொண்டை.
எங்கண்ணன் குடிச்சிட்டு வந்து
டிவியப் போட்டு ஒடச்ச சங்கதிய
நாளைக்கு மழை உண்டுங்க மாதிரி சொன்னா.
அழுதுட்டே எழுதுனியளா
சும்மா எழுதுனியளான்னு
மூணு தடவை ஓட்டிக் கேட்டும் தெரியல.
கைய அலம்பிட்டு வந்து
நானே எழுத்துக் கூட்டிப் பாத்தேன்.
"இன்னும் வீட்டுக்கு வரலலலல."
அந்தப் பொம்பள திக்கிட்டுத் தாண்டிப் போன எடம்.
உங்க விரலு
அமத்துனபடியே நின்னுருக்கு.

போன செவ்வாக்கெழம கம்பெனிக் கடையில
மைக்க அமத்த மறந்துட்டேன்.
கணக்கரு தளவாய், நம்ம கோமுகிட்ட
எப்பவும் போல,
"ஆறு கட்டு கழிவு. வாய் பேசுனா எட்டு"ன்னாரு.
வெளிய வந்து பாத்தா
உங்களுக்குன்னு தொறந்து வச்ச எடத்துல
அவரு பேசுனது அம்புட்டும் வரி வரியா.
கழிவ சரியாத்தான் எழுதிருக்கு.
தளவாயண்ணே மட்டும் தலைவா அண்ணே.
கோமு திரும்ப உள்ள போயி நீட்டுனா.
காலம்பூரா எங்க புஸ்தகத்துல எழுதுத மனுசன்,
தன் பேச்சு எழுத்தா நிக்கதப்
பாத்ததே இல்ல போல.
கண்ணாடியக் கழத்தித் தொடச்சிட்டு
"இத யாருக்கு அனுப்புன?"ன்னாரு.
மைனாவுக்குன்னேன்.
ஆறு, நாலாச்சு. அம்புட்டுதான்.
அதுக்கு மேல ஒண்ணும் நெனைச்சுக்கிடாதிய.

இன்னொண்ணு.
உங்ககிட்டப் பேசிட்டே சுத்தும்போது
எண்ணுததும் அதுல விழுந்துருது.
"பிள்ளைக்குக் காச்சல் கொறைஞ்சுதா பதினேழு
பதினெட்டு மருந்து குடுத்தியளா
தூங்குதானா இருபது"
கோமு பாத்துட்டு, அழிளா, அசிங்கமா இருக்குன்னா.
அழிக்கலாம்னுதான் இருந்தேன்.
அதுக்குள்ள ராத்திரி நீங்க கேட்டிய:
"இருபத்தி மூணோட நிக்குதே,
மத்த ரெண்டு எங்க?"

கட்டுக்கு ஒண்ணு கொறைஞ்சா
கேக்க ஆளு உண்டு மைனா.
இது வேற கேள்வி.
வெளக்க அமத்திட்டுப் படுத்தும்
அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன்.

நூலு தீந்துட்டு, அதான் எந்திரிச்சுப் போனேன்.
இன்னா, உக்காந்துட்டேன்.
இருபத்தி நாலு