இரண்டாம் பந்தி

சீனக்குடா மாவாலை வாசலில்
லொறி நிறுக்கிறவள் நான்.
வெறுமையாய் உள்ளே போகையில் ஒரு நிறை,
மூடை ஏற்றி வெளியே வருகையில் ஒரு நிறை.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
யாரோ ஒருவருடைய காலைப் பாண்.

சனி இரவு முப்பத்தியொரு லொறி.
கடைசி, கிண்ணியா நிஸ்தாருடையது.
கண்ணாடியைத் தட்டினான்:
“துண்டைத் தாங்க அக்கா,
சுபஹுக்கு முந்திப் பாலம் தாண்டணும்.”
அச்சுப்பொறி கடதாசியை மென்றுகொண்டு நின்றது.
கையால் எழுதிக் கொடுத்தேன்.
எழுதியது சரியோ பிழையோ என்ற யோசனை
என்னோடு பஸ் ஏறி
எனக்குப் பக்கத்திலேயே இருந்து வந்தது.

ஒருமுறை, மாரி மழையில்,
லொறி ஒன்றும் வராத நடுச்சாமம்,
நானே போய்த் தராசில் ஏறி நின்றேன்.
இருபது இருபதாய்த்தான் அது எண்ணும்.
வெளிப்பலகையில் சிவப்பாய் அறுபது.
சீட்டுக்காசும் மகனின் டியூஷனும்
மாமியின் நெஞ்சிழுப்புப் பம்பும்
அதற்குள் அடக்கமா என்று
கேட்க ஆளில்லை.
இறங்கினேன்.
பூச்சியம்.

ஞாயிறு வீட்டுக்குப் போகாமலே ஆலயம் போனேன்.
மதிலோரம் இரண்டு மான்கள்
யாரோ எறிந்த வாழைப்பழத் தோல் தின்றன.
இந்த ஊரில் மானைப் பார்த்து
யாரும் நிற்பதில்லை.
முகம் கழுவியும்
புருவத்தில் மாவு மிச்சம்.
பிரசங்கம் ஞாபகமில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
போனை மௌனத்தில் வைத்தது ஞாபகம்.
அது மடியில் இரண்டு தரம் துடித்ததும்.

முதல் பந்தியில் முழங்காலிட்டேன்.
எமலின் ரீச்சர் வெட்டிய பாண்,
ஓரம் நீக்கி, சின்னச் சதுரமாய்.
உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து ஏந்தினேன்.
நிறுக்கிறவள் கை அல்லவா,
தானாய் நிறுத்தது:
இரண்டு கிராம். அதுவும் வராது.
வாயில் இட்டால் மாவின் மணம்.
இராமுழுக்க மூச்சில் போன அதே மாவு,
இப்போது நெருப்புக்குள் போய் வந்திருந்தது.
பிறகு சுண்டுவிரல் உயரக் குவளை.
இனிப்பு.

அதன் பிறகு நடந்ததை
ஜெயராணி அன்ரி சொல்லித்தான் அறிந்தேன்.
“சமாதானத்தோடே எழுந்து போங்கள்” என்றாராம்
போதகர் சுகிர்தமணி.
பந்தி எழும்பியதாம்.
நான் எழும்பவில்லை.
கிராதியில் நெற்றி சாய்த்து
குறட்டை என்கிறா அன்ரி.
மூச்சு என்கிறேன் நான்.
தோளைத் தொட வந்த உக்கிராணக்காரரை
போதகர் தலையசைத்து நிறுத்தினாராம்.

இரண்டாம் பந்தி என்னைச் சுற்றி வந்து முழங்காலிட்டது.
இடப்புறம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
வலப்புறம் போன மாதம் கலியாணம் முடித்த பெண்,
சேலை என்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டாளாம்.
என் கைகள் விரிந்தே கிடந்தனவாம்.
போதகர் எனக்கு நேரே
கொஞ்சம் நின்றாராம்.
கேள்வி ஒன்றும் இல்லாமல்
இன்னொரு துண்டை வைத்துவிட்டு நகர்ந்தாராம்.

கண் விழித்தபோது உள்ளங்கையில் பாண்.
முன்பு தின்றது கனவோ என்று நினைத்தேன்.
பாதி விழிப்பில் அதையும் தின்றேன்.

ஏழு நிமிடம் என்கிறார்கள்.
இந்த ஆறு வருடத்தில்
நான் தூங்கிய தூக்கமே அதுதான்.

வெளியே வந்தால் போனில் பதினொரு அழைப்பு.
நிஸ்தாரின் துண்டில்
வெறுலொறி நிறையை எழுத மறந்திருக்கிறேன்.
ஏற்றிய பாரம் மட்டும்
கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனாம்.
“நாளைக்குத் திருத்தலாம்” என்றேன்.
மறுமுனை திகைத்தது.
நானும்தான்.

மீன் வாங்கவேண்டும், யூனிபோர்ம் தோய்க்கவேண்டும்.
பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டுதான்.
முழங்காலில் பதிந்த பாயின் வரிகள்
பாலையூற்றில் இறங்கும்வரை
அழியவில்லை.