நாலாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு

கணக்கெடுப்பு முடிவு வந்த அன்று
பீனிக்ஸிலிருந்து தம்பி லின்வுட் கூப்பிட்டான்.
ஹலோ கூடச் சொல்லவில்லை.
"ஆறு," என்றான். "நீங்க இப்போ ஆறு."

இருபத்துமூன்றாம் எண் பேருந்தை
செஸ்ட்நட் ஹில்லில் நிறுத்திவிட்டு
வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு விளங்கப் பாதிப் பழம் ஆனது.

நாட்டின் பெரிய ஊர்களில் பிலடெல்பியா
அம்மா பள்ளியில் படித்தபோது மூன்றாவது.
நான் படித்தபோது ஐந்தாவது.
"எத்தனை பேர் வித்தியாசம்?" என்றேன்.
"நாலாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு."
லாட்டரிச் சீட்டைப் படிப்பவன்போல
ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தான்.

நெருக்கியடித்தால் என் வண்டியில் அறுபது பேர்.
எழுபத்திரண்டு வண்டி,
மிச்சம் கொஞ்சம் பேர் நிறுத்தத்தில் திட்டிக்கொண்டு.
அவ்வளவுதான்.

"அது ஒரு ஊரா?" என்றேன்.
"பாலைவனத்தை வளைத்துப் போட்டுப் பெயர் வைத்தது.
எங்களைப்போல் நாலு மடங்கு நிலம்,
அதில் நாலாயிரம் தலைதான் கூட."
"என் வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம் இருக்கு."
"கடனில்."
"கடனோ கிடனோ, தண்ணி நனைக்குதே."

பத்து வருஷம் தலைநகராக இருந்தவர்கள் நாங்கள் என்றேன்.
அது ஆயிரத்து எண்ணூறிலேயே போச்சு என்றான்.
ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்றேன்.
"முதல்ல எழுந்திருக்கச் சொல்லு."

அதற்குள் குடும்பக் குழுவில் செய்தி பரவிவிட்டது.
ஹூஸ்டன் ஷெரெல்:
"நாலாவது நாங்க. சும்மா சொல்லி வைக்கிறேன்."
சிகாகோவில் இருக்கும் ஓரின்
முப்பது வருஷமாக லாஸ் ஏஞ்சலஸ்மேல் வைத்திருக்கும் கோபத்தை
மறுபடி ஒருமுறை எழுதினான், பெரிய எழுத்தில்.
நியூயார்க் மாமா ஒன்றும் எழுதவில்லை.
அவர் குழுவில் இருக்கிறாரா என்றே
யாருக்கும் நிச்சயமில்லை.

டெட்ராய்ட் ரோஸ்கோவின் பெயருக்குக் கீழே மட்டும்
மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன,
மீண்டும் தோன்றின.
ஒரு காலத்தில் அவர்கள் நாலாவது.
கடைசியில் ஒரு புகைப்படம் வந்தது,
அவன் தெரு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.
அடியில்: "கார் நிறுத்த இடம் தாராளம்."
யாரும் சிரிப்புப் பொம்மை போடவில்லை.
பிறகு ஷெரெல் ஒன்று போட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை,
கணக்குப் போட்டேன்.
லின்வுட், மனைவி, மூன்று பிள்ளைகள்.
ஏசி மெக்கானிக்குக்கு இங்கே வருஷத்தில்
மூன்று மாதம்தான் வேலை, அங்கே பத்து மாதம் என்று
வாடகை வேனில் கிளம்பிப் போன ஐந்து பேர்.
இங்கே ஐந்து குறைய, அங்கே ஐந்து கூட,
அந்த இடைவெளியில் பத்து
எங்கள் வீட்டுடையது.

அப்புறம்தான் அம்மா ஞாபகம் வந்தது.
அந்த வருஷம் மார்ச்சில்
பேரன் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் என்று
பீனிக்ஸ் போனவள்.
ஊர் அடங்கியது, விமானம் அடங்கியது,
ஜூலையில்தான் வந்தாள்,
கழுத்தெல்லாம் வெயில் கறுத்து.

கதவைத் தட்டிக் கேட்டேன்:
"படிவத்தில் உன் பெயரை அவன் எழுதினானா?"
"எழுதினான். எர்னஸ்டீன்னு எழுதத் தெரியல அவனுக்கு,
நான்தான் பக்கத்துல உக்காந்து எழுத்துக்கூட்டினேன்."

நானும் எழுதியிருந்தேன்.
இங்கே, இந்தச் சமையலறை மேசையில்,
முதல் ஆளாக.

விஷயத்தைச் சொன்னேன்.
இரண்டு நகரத்திலும் நீ ஒரு ஆள், அம்மா.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"அப்போ நிவாரணக் காசோலை
ஒண்ணுதானே வந்துச்சு?"

தம்பிக்கு எழுதினேன்:
அம்மாவைக் கழித்தால் நாற்பத்தொன்று.
அங்கே மணி எட்டு இருக்கும்,
வெயில் இறங்கியும் நூறு டிகிரி.
உடனே பதில் வந்தது:
"எங்கேருந்து கழிப்ப?"

என்ன எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த அறையில் அம்மா
டிவி சத்தத்தைக் கூட்டினாள்.