ஒன்பதாம் மூடு

லாறிக்காரன் நாடா பிடித்து அளந்தான்.
நேரான தடியெல்லாம் பெரும்பாவூருக்கு, பிளைவுட்டுக்கு.
"கொம்பும் சுள்ளியும் வேணுமானா நீ எடுத்துக்கோ"
என்றார் விளைக்காரர்.
பதினெட்டு வருசம் பால் வெட்டியதற்கு
அதுதான் போனஸ் என்பதுபோல.
நான் பேசவில்லை.
வெட்டுகத்தியைத் தீட்டப் போனேன்.

களியல் ரோட்டுக்கு மேலே
முந்நூற்றுப் பன்னிரண்டு மூடு நின்ற சரிவு,
இப்போது வெயில் நேரே வந்து விழுகிறது.
இந்த மண்ணில் என் நிழலை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

லீலாபாயும் நானும் மூன்று நாள் பொறுக்கினோம்.
முசிறு கடித்து அவளுக்குக் கழுத்து தடித்தது.
எனக்கு இரண்டு அட்டை, கரண்டையில்.
ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் அடுக்கு,
அந்தப் பக்கம் என் அடுக்கு.
நடுவில் கிடந்த கவட்டைக்கு மட்டும்
கொஞ்சநேரம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம்.

றப்பர் விறகுக்குக் காத்திருக்கத் தெரியாது.
பச்சையில் வெள்ளரிக்காய் மாதிரி விரிந்து தரும்,
ஒரு மாசம் தள்ளிப்போட்டால்
உளு புகுந்து மாவரித்து வைத்திருக்கும்.
அயனி என்றால் நின்று எரியும், கிடைக்காது.
புளியைப் பற்றிப் பேசவே வேண்டாம்,
என் மச்சான் தோள் இறங்கியது அதில்தான்.
வீட்டில் கேஸ் இருக்கிறது.
சம்பா அரிசி வேகிற நேரத்துக்கு
கேஸை நம்பினால்
மாசம் இருபதாம் தேதி முடிந்துவிடும்.

மூன்றாம் வரியில் ஒன்பதாம் மூடு மட்டும்
அடியோடு அப்படியே கிடந்தது.
"கோணல். கம்பெனியில எடுக்கமாட்டான்"
என்று காலால் தள்ளிக் காட்டினான் லாறிக்காரன்.

கோணல் அதன் பிறவியில் இல்லை.
வேலைக்கு வந்த முதல் மாசம்,
நெற்றி விளக்கு அணைந்தணைந்து எரிந்த ஒரு வெளுப்பான்காலம்,
பட்டையோடு நிற்கவேண்டிய கத்தி
தடிக்குள் இறங்கிவிட்டது.
யாரும் பார்க்குமுன்னே சேறு அப்பினேன்.
அந்த இடம் பிறகு முழங்கால்போல வீங்கி
மரம் ஒருச்சாய்த்து வளர்ந்தது.
அதில் பால் குறைவு, ஒட்டுப்பால் அதிகம்.
கேட்டால், மண் சரியில்லை என்பேன்.

அன்றைக்கு என் கை பிசகியதால்தான்
இன்றைக்கு இந்த ஒரு முழு மரம் எனக்கு.
இதை யாரிடம் சொல்ல, எந்த முகத்தோடு சொல்ல.

நகக்கனத்துக்கு மேல் வெட்டாதே என்று
நித்தம் விடியுமுன் அடக்கி வைத்த கை
தலைக்கு மேலே போய் விழுகிறது.
முதல் நாலு வெட்டு எங்கெங்கோ விழுந்தது.
பிறகு கை கண்டுகொண்டது:
தூக்கும்போது கோடாலி என்னுடையது,
இறங்கும்போது அது தன்னுடையது.
பிளவு ஓடியது, ஓடியது,
வீங்கின இடத்தில் நின்றது.

"ஆப்பு வை பிள்ளே, மரத்தோட மல்லுக்கட்டாதே"
என்றாள் லீலாபாய், ஓடைக்கு அப்புறமிருந்து.
நான் மல்லுக்கட்டினேன்.
டங்கென்றது.
உள்ளே கம்பி.
சிரட்டை தாங்கக் கட்டிய பழைய கம்பியை
மரம் எப்போதோ விழுங்கி
வளையம் வளையமாக மூடியிருந்தது.
கோடாலியின் வாய்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பல்வரிசை ஆனது.

பட்டறைக்குக் கொடுத்தது எழுபது ரூபாய்.
விறகு எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
கோழிக்கூட்டின் பின்சுவர் மறைகிற அளவு.

இன்று நாலு மணிக்கே முழிப்பு.
விளக்கைத் தேடி நெற்றிவரை போன கையை இறக்கினேன்.
போவதற்கு மரமில்லை.
அடுப்பு மூட்டினேன், கட்டஞ்சாயாவுக்கு.
முழுசாய்க் காயாத துண்டு ஒன்று,
தீக்குள் ஒரு முனை, வெளியே ஒரு முனை.
வெளிமுனைப் பட்டையோரம்
வெள்ளையாய் நுரைத்து
ஒரு சொட்டு திரண்டு நின்றது.

அடியில் வைக்க ஒரு சிரட்டையை
எட்டி எடுத்தேவிட்டேன்.
சாயா பொங்கிச் சாம்பலில் வழிந்தது.