இருபத்தேழு வரி

பட்டணத்துச் சேமநிதி அலுவலகத்தில்
என் எண்ணைக் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தேன்.
தூடோங் போட்ட பெண் திரையைப் பார்த்தாள்,
மறுபடி பார்த்தாள்.
"இந்த முதலாளி யாரு, காக்?
எஃப்.சி. என்று முடியுதே, கடையா?"

பந்து உதைத்தோம் என்றேன்.
சம்பளத்துக்கா?
சம்பளத்துக்குத்தான்.

சுங்கை மெராந்தி எண்ணெய் ஆலைத் தவுக்கேவுக்கு ஒரே மகள்.
பினாங்கில் பந்தாடி முட்டியை உடைத்துக்கொண்டவள்.
அதற்கு மேல் காரணம் எங்களுக்குத் தெரியாது.
ஒரு ஜூன் மாதம் ஆலைச் சுவரில் தாள் ஒட்டியிருந்தது:
பெண்கள் குழு, மாதம் எண்ணூறு வெள்ளி,
சேமநிதி, சொக்சோ உண்டு.

உதிரிப்பழம் பொறுக்கினால் முந்நூற்றைம்பது.
விடியுமுன் கையுறைத் தொழிற்சாலை பஸ் ஏறினால் ஐந்நூறு.
அம்மாமார்கள் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"சொக்சோவா, அதை இன்னொரு தரம் வாசி" என்றார்கள்.

பழைய பிரட்டுக் களம்தான் திடல்.
ஒரு கோலுக்குப் பின்னால் செம்பனை,
மற்றதற்குப் பின்னால் ஆலைக் கழிவுக் குட்டை.
அதில் விழுந்த பந்துக்குக்
கோகிலவாணியைத் தவிர எவளும் இறங்கமாட்டாள்.
ஏறி வந்தவளோடு
அரைமணி நேரம் யாரும் பேசவும் மாட்டோம்.

ஐந்தரைக்குக் கோச் ரஷீதா பெயர் கூப்பிடுவார்.
ஓடிக்கொண்டே "இருக்கேன்" சொல்ல வேண்டும்.
நடுவில் ஹயாத்தி,
இடப்பக்கம் டிரசர் மகள் பூங்கோதை,
முன்னால் சியூ லான்;
அவள் உதைத்து ஒருமுறை
மண்டோர் மோட்டார் சைக்கிளின் விளக்கு போயிற்று.
நான் இரண்டாவது கோல்கீப்பர்.
முப்பத்தொரு மாதத்தில் நான் ஆடியது பதினொரு நிமிடம்.
சம்பளம் மட்டும் முழுசு.

முதல் பருவம் முழுக்கத் தோல்வி.
ஜோகூர்க்காரிகள் ஒன்பது போட்டார்கள்.
திரும்பும் வழியில் தங்காக் கடையில்
யாரும் மீ கோரேங் தொடவில்லை,
கோகிலா மட்டும் நாலு தட்டு காலி செய்தாள்.
அடுத்த பருவம் ஐந்தாம் இடம்.
சீட்டு விற்றே ஆட்டம் பார்க்க வைத்தோம்,
தலைக்கு இரண்டு வெள்ளி,
மரத்தில் ஏறிப் பார்த்தால் ஒரு வெள்ளி.

மூன்றாவதில் எண்ணெய் விலை விழுந்தது.
எங்கே விழுந்தது என்று பேப்பரில் போடவில்லை.
தவுக்கே முதலில் ஐஸ் பெட்டியை நிறுத்தினார்,
பிறகு பஸ்ஸை,
பிறகு போன் எடுப்பதை.
மகள் ஆஸ்திரேலியா போய்விட்டாள் என்றார்கள்.

அந்தப் பெண் தாளை என் பக்கம் திருப்பினாள்.
இருபத்தேழு வரி.
"கடைசி நாலு மாசம் பணம் கட்டலை, காக்.
அப்போ வேலை செய்யலையா?"

அந்த நாலு மாதத்தில்தான்
பூங்கோதை கல்யாணத்தைத் தைக்குத் தள்ளினாள்.
ஹயாத்தி ரொட்டி சானாய்க்கு மாவடித்துவிட்டு
நெற்றியில் மாவோடு ஓடி வந்தாள்.
கோச் தன் காரை விற்று வேன் பிடித்தார்.
அந்த நாலு மாதத்தில்தான்
அடை மழையில், அதே ஜோகூர்க்காரிகளை
மூன்றுக்கு இரண்டு.
மூத்த கோல்கீப்பர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேற
கடைசிப் பதினொரு நிமிடம்
ஈரக் கையுறைக்குள் என் கை இருந்தது.
குட்டைப் பக்கக் கோல்.
ஒரு பந்தும் உள்ளே போகவில்லை.

"செய்தோம்" என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டு
அடுத்த எண்ணை அழுத்தினாள்.