பழம் வாங்கும் பிள்ளை

நீல முத்திரை குத்திய முட்டைகள்
தட்டுக்கு ஒன்றாய் விழுகின்றன.
என் மகனுக்கு மட்டும்
கறுத்துப்போன பூவன் பழம்.

"நீங்க என்ன ஆளுங்க?"
புது டீச்சர் கேட்டார்,
குரலை இறக்கி.

வெண்ணாற்று விராலும் வயல் நண்டும்
கொதிக்கிற அடுப்பு எங்களுடையது, டீச்சர்.
இரண்டு வயதில்
ஒரு விள்ளல் வெள்ளைக்கரு.
உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது,
மூச்சில் விசில்.
மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு
நெல் மூட்டையை இறக்காமலே
குட்டியானையில் பறந்தோம்.
கொள்முதல் நிலையத்தில் பிடித்த வரிசை போனது.

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.
அதில் இதற்கொரு கட்டம் இல்லை.

வாசலில் திரும்பிப் பார்த்தேன்.
முட்டை உரித்த விரலோடு
பக்கத்துத் தட்டு யாழிசை
அவன் பழத்தில் பாதி கேட்கிறாள்.
"மொதல்ல கையக் கழுவிட்டு வா"
என்கிறான் இளமாறன்,
பழத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.