பழுதுக் காரணம்

துணைமின் நிலையத்துப் பழுதுப் பதிவேட்டில்
ஐந்தாவது கட்டம்: காரணம்.
பதினாறு வருடமாக நான் எழுதியவை
மரக்கிளை, பட்டம், காற்று, அணில்,
அப்புறம் வௌவால்.
அதை எழுதும்போது மட்டும் பேனாவைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பேன்.

பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பயமில்லை.
தானே புயலின் மறுநாள்
முந்திரித் தோப்புகளில் படுத்துக் கிடந்த கம்பங்களை
எண்ணித் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.
ஆனால் கம்பியில் ஒன்று தோல்விரித்துத் தொங்கினால்
கலியபெருமாளைத்தான் ஏற்றுவேன்.
கீழே நின்று
கயிற்றைச் சரிபார்ப்பவன்போலத் தலைகுனிந்திருப்பேன்.
ஏழு வயதில், சினிமாக் கொட்டகையில்,
முகத்தில் ஒன்று மோதியது.
அவ்வளவுதான் கதை.

அண்ணாமலை நகரிலிருந்து ஒருத்தி
அனுமதிக் கடிதத்தோடு வந்தாள். இன்பராணி.
மூன்று வருடப் பதிவேட்டைப் புரட்டி
வௌவால் வந்த இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள்.
நூற்றுப் பதினொன்று.
"எந்த வௌவால்?" என்றாள்.

எந்தக் கிளை என்று யாரும் கேட்டதில்லை.

படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.
படமெடுக்கக் கிட்டே போகவேண்டும்.
முதல் படத்தில் என் செருப்புதான் தெளிவாக விழுந்தது.
இரண்டாவதற்குப் பதில் வந்தது:
பழந்தின்னி. நரிமுகம் பாருங்கள்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நரிதான்.
கழுத்தில் செம்பட்டை மயிர்,
வாயோரம் ஒட்டிய இலுப்பைப் பூ.

மஞ்சக்குப்பத்து மீட்டர் பெட்டிக்குள்
தீப்பெட்டிக்குள் அடங்குகிற ஒன்று, உயிரோடு.
"இதுக்கா சார்?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.
நான் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நெல்லிக்குப்பத்துக் கரும்புக்கு நடுவே மோட்டார் கொட்டகையில்
காதே பாதி உடம்பாக ஒன்று.
அதன் கீழே தரையெல்லாம் தவளைக் கால்கள்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
ஆனாலும் படம் தெளிவாக வந்திருந்தது.

தேவனாம்பட்டினத்துப் பழைய சுவரிடுக்கில்
மூக்கின்மேல் இலை மடித்து வைத்ததுபோல் நாலைந்து.
ராமாபுரத்து வாழைத்தோப்பில்
கம்பியில் உரசிய சருகொன்றை விலக்கினேன்.
சருகு என்னைப் பார்த்தது.
செம்மஞ்சள் உடம்பு, கறுப்புச் சிறகு.
யாரோ சாயம் பூசிவிட்ட மாதிரி.
இது அபூர்வம் என்று இன்பராணி
மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

ஏழு வயதில் என்மேல் மோதியது எது என்று கேட்டேன்.
கொட்டகைக் கூரை ஓலையா தகரமா என்று
திருப்பிக் கேட்டாள்.

மாசி மகத்துக்கு முந்தின ராத்திரி.
டிராக்டரில் சாமிகள் கடலுக்குப் போகும் நேரம்
கடற்கரை ஃபீடர் விழுந்தது.
கலியபெருமாள் மொட்டையடிக்க லீவு.
லைனை நிறுத்தி, எர்த் போட்டு, ஏறினேன்.
டார்ச் வெளிச்சத்தில் நரிமுகம்
கண் திறந்தபடி செத்திருந்தது.
மார்பில் குட்டி. அது சாகவில்லை.

வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள்.
பெல்ட்டில் நான் தொங்கினேன்.
அம்மாவில் அது தொங்கியது.
கீழே கூட்டத்தில் ஒருவன்
"கரண்ட் எப்ப வரும்?" என்று கத்தினான்.
ரப்பர் உறை தடிமன்; சூடும் தெரியாது, துடிப்பும் தெரியாது.
நகத்தை ஒவ்வொன்றாகப் பிரிக்க நேரமாயிற்று.
துண்டில் சுற்றி, ஸ்பேனர் பையில் போட்டு
கயிற்றில் இறக்கினேன்.
முதல் பஸ்ஸில் இன்பராணி வரும்வரை
பையை நாற்காலியில் வைத்துவிட்டு
வாசலில் நின்றேன்.

காரணம்: பழந்தின்னி, பெண்.
கட்டம் அதற்குமேல் இடம் தரவில்லை.
குட்டியை ஓரத்தில் எழுதினேன்.
இது எதற்கய்யா என்றார் பொறியாளர் ஜமால்தீன்.
அடிக்கவும் இல்லை.

இன்றைக்கும் தலைக்கு மேலே நிழல் போனால்
கழுத்து தானாக உள்ளே போகிறது.
போன கழுத்தோடேயே அண்ணாந்து பார்க்கிறேன்,
யார் என்று.

ஓலைதான் என்று நினைக்கிறேன்.
தகரமாகவும் இருந்திருக்கலாம்.